கசப்புப் பாத்தி

ரங்கூனிலிருந்து திரும்பி வந்த அன்று அகஸ்டின் தன் மனைவியிடம் முதலில் கேட்டது, வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்றுதான்.

1942, மார்ச் மாதம். சாந்தோமில், கடற்காற்று சுவரை அரித்துத் தின்னும் ஒரு சின்ன ஓட்டு வீடு. கதவைத் திறந்த ஆலிஸுக்கு வாசலில் நிற்பவர் யாரென்று சட்டென்று தெரியவில்லை. மார்பு வரை தாடி. தோள் எலும்பு சட்டையைக் குத்திக்கொண்டு நின்றது. கால்களில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. கண்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் அவளைத் தாண்டி நேராகச் சமையலறைக்குப் போய் அரிசிப் பானைக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"இது எத்தனை நாளைக்கு வரும்?"

"பத்து நாளைக்கு வரும். மொதல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க."

"பத்து நாளா?" என்றார். ஒரு கை அரிசியை அள்ளி மறுபடி பானைக்குள் விட்டார்.

ரங்கூன் ஆற்றங்கரையில் ஓர் அரிசி ஆலையில் பதினோரு வருஷம் ஏற்றுமதி குமாஸ்தாவாக இருந்தவர் அகஸ்டின். மூட்டைகளில் ஊர் பெயர் எழுதிக் கப்பலுக்கு அனுப்புவது அவர் வேலை. எழுதிய பெயர்களில் பாதிக்கு மேல் மெட்ராஸ். மயிலாப்பூரிலும் ராயப்பேட்டையிலும் தட்டில் விழும் சோறு எங்கிருந்து வருகிறது என்று அங்கே சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. ஆலைக் கூலிகள் ஓடினார்கள். கப்பல்கள் நின்றன. கடைசிக் கப்பல்களில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலையைத் தாண்டி நடந்தார்கள். அகஸ்டினும் நடந்தார்.

அந்த நடையைப் பற்றி அவர் பேசியதில்லை. பல வருஷம் கழித்து ஆலிஸிடம் மட்டும் ஒன்றைச் சொன்னார். மலைப்பாதையில் அவர் இடுப்பில் ஒரு பை நிறையப் பொரியரிசி கட்டியிருந்தார். ஒரு வளைவில், மரத்தடியில், தெலுங்குக்காரி ஒருத்தி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. அவர் இடுப்பையே பார்த்தாள். அகஸ்டின் பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பொரியரிசிதான் தன்னைக் கரை சேர்த்தது என்றும் அவருக்குத் தெரியும்.

அவர் வந்து சேர்ந்த அடுத்த மாதமே மெட்ராஸ் காலியாகத் தொடங்கியது. ஜப்பான்காரன் வருகிறான், சர்க்காரே ஊரை விட்டுப் போகச் சொல்கிறது என்று பேச்சு. எழும்பூர் ஸ்டேஷனில் மெத்தையும் அண்டாவும் குழந்தைகளுமாக ஜனம் மோதியது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. ஆலிஸ் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். செங்கல்பட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்றாள். அகஸ்டின் கேட்கவில்லை.

"குண்டு விழுந்தா ஒரு நிமிஷம், ஆலிஸ். பசி அப்படி இல்ல. நான் பாத்துட்டு வந்திருக்கேன். இனிமே அங்கேயிருந்து ஒரு மூட்டை வராது. போனவங்க எல்லாம் ஒரு நாள் திரும்பி வருவாங்க. வந்து எதைச் சாப்பிடுவாங்க?"

ஊரை விட்டுப் போனவர்களில் கஸ்தூரிரங்கன் என்ற வக்கீலும் ஒருவர். சாந்தோமின் தெற்கு மூலையில், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. வெறும் மணல். பத்துத் தென்னை, மற்றபடி புல். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று அவர் சாவியை அகஸ்டினிடம் கொடுத்தார். அகஸ்டின் தயங்கித் தயங்கி, மணலில் ஏதாவது நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"எதை வேணும்னாலும் நட்டுக்கோங்கோ," என்றார் வக்கீல், ஜட்காவில் பெட்டியை ஏற்றிக்கொண்டே. "நாங்க உயிரோட திரும்பி வருவோமான்னே தெரியலை. இந்த மணல்ல என்ன முளைச்சிண்டு நிக்கப் போறது?"

ரங்கூனுக்கு வெளியே சீனத் தோட்டக்காரர்கள் இருந்தார்கள். ஊர் எறிகிற எதையும் அவர்கள் வீணாக்குவதில்லை. குப்பை, சாணி, மீன் கழிவு, சாம்பல், எல்லாவற்றையும் குழியில் அடுக்கி, மக்க வைத்து, அதில் கீரை வளர்த்து அதே ஊருக்கு விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திரும்பும்போது அகஸ்டின் அவர்களுடைய வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். அப்போது அது வெறும் பொழுதுபோக்கு. இப்போது நினைவில் இருந்ததை எல்லாம் தோண்டி எடுத்தார்.

குப்பைக்கு ஓர் ஆள் கிடைத்தான். மண்ணாங்கட்டி என்று பெயர். ஆற்றோரக் குடிசைகளில் இருப்பவன். கார்ப்பரேஷன் குப்பை மாட்டு வண்டி ஓட்டுபவன். முதல் நாள் அகஸ்டின் வண்டியை மறித்துக் குப்பை கேட்டபோது அவன் சிரித்தே விட்டான்.

"இன்னா சாரு, குப்பையா? ஊருல அல்லாரும் எடுத்துக்கினு போவச் சொல்றாங்க, நீ குடுன்றே!"

"கொட்டுறதை இங்க கொட்டு. வர்ற கீரையில உன் வூட்டுக்கும் பங்கு."

அன்றிலிருந்து இலைச் சருகும் மார்க்கெட் கழிவும் சாணியும் வண்டி வண்டியாக வந்தன. பட்டினப்பாக்கத்து மீன்காரிகள் குடலும் செதிலும் கூடையில் கொண்டுவந்து போட்டார்கள். நாற்றம் சகிக்கவில்லை என்று ஆலிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அகஸ்டின் ஒரு வரிசை சருகு, ஒரு வரிசை சாணி, ஒரு வரிசை மீன் கழிவு, மேலே மணல் என்று அடுக்கித் தண்ணீர் தெளித்தார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கிளறிவிட்டார். குழிக்குள் கையை விட்டால் சுடும். மூன்று மாதத்தில் அது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண் போல மணத்தது.

மணலில் முளைக்கீரை வந்தது. பூசணி படர்ந்தது. சர்க்கரைவள்ளி வேலியைத் தாண்டியது. மண்ணாங்கட்டியின் மனைவி சொர்ணம் குடிசைப் பெண்கள் நான்கைந்து பேரோடு வந்து தண்ணீர் ஊற்றினாள், களை எடுத்தாள், பங்கை மடியில் கட்டிக்கொண்டு போனாள். வாய் ஓயாதவள். அகஸ்டினை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"ஏன் நைனா எப்பப் பாரு மொகத்த பேய் அடிச்சா மாதிரியே வெச்சிக்கினு கீறே? அதான் கீர முளச்சிருச்சே!"

அவர் குனிந்து அடுத்த பாத்தியைக் கிளறுவார். கீரை இரண்டு நாளில் வாடிவிடும்; பூசணியைத் திருடிக்கொண்டு போகலாம்; சர்க்கரைவள்ளியைப் பெருச்சாளி தின்றுவிடும். இதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சுவரேறிக் குதித்த யாரோ ஒரே நாளில் ஏழு பூசணியை அறுத்துப் போனபோது, அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பஞ்சம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் வில்லியம் வந்தார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாந்தோம் தேவாலயத்தில் ஜெபம் சொல்லித் தரும் உபதேசியாராக இருந்தவர். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அகஸ்டின் கேட்டிருந்தபடி, மரச்சீனிக் கம்புகள் கொண்டுவந்தார். சென்னையில் மரவள்ளி என்று சொல்கிற அதே கிழங்குதான். இரண்டு கட்டு.

"இந்தக் கட்டு வேற, அந்தக் கட்டு வேற, பாத்துக்கிடும்," என்றார் வில்லியம். "இது நல்ல சாதி. அவிச்சு அப்படியே தின்னலாம். அது கய்க்கும். பயங்கரக் கசப்பு. எலி தொடாது, பன்னி தொடாது. மண்ணுக்குள்ள ரெண்டு வருசம் வேணும்னாலும் கெடக்கும். ஆனா சும்மா தின்னா ஆளையே கொன்னுபோடும் வேய்."

"அப்புறம் எப்படித்தான் சாப்பிடறது?"

"தோலைச் சீவி, வில்லையா அரிஞ்சு, மூணு நாள் தண்ணியில போட்டு வைக்கணும். தெனம் தண்ணிய மாத்தணும். பொறவு வெயில்ல காயப்போட்டு இடிச்சு மாவாக்கணும். விசம் எல்லாம் போயிரும். நம்ம ஊருல பஞ்சத்துக்குன்னு நட்டு வச்சிருப்பாவ."

நல்ல சாதியை அகஸ்டின் எல்லோருக்கும் தெரியும்படி முன்பக்கம் நட்டார். கசப்பு சாதியைப் பின்புறம், ஆற்றைப் பார்த்த சரிவில், மூன்று நீளப் பாத்திகளில் தனியாக நட்டார். எலி தொடாது, திருடன் தொடமாட்டான், இரண்டு வருஷம் மண்ணுக்குள் கிடக்கும். வீட்டில் மூட்டை வைத்திருந்தால் பதுக்கல் என்று பிடிப்பார்கள். மண்ணுக்குள் இருப்பதை யார் சோதனை போடுவது? எல்லாம் போனபிறகு, கடைசியில், அது இருக்கும். அந்த நினைப்பு வந்த பிறகுதான் அவர் கொஞ்சம் தூங்க ஆரம்பித்தார்.

சொர்ணம் ஒரு நாள் கேட்டாள்: "பின்னால கீற செடியும் கெய்ங்குதானே நைனா?"

"இல்ல. அது கிழங்கு வெக்காத சாதி. மண் சரியாம இருக்க வேலிக்கு நட்டது."

பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. விஷம் என்று சொன்னால், விஷத்தை எப்படி எடுப்பது என்பதையும் சொல்லவேண்டி வரும். அது தெரிந்தால் பசிக்கிற முதல் வாரத்திலேயே தோண்டிவிடுவார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆலிஸிடம்கூட.

1943இல் ஊர் மறுபடி நிறைந்தது. போனவர்கள் திரும்பினார்கள், அரிசி திரும்பவில்லை. ரேஷன் கார்டு வந்தது. கடையில் போட்ட அரிசியில் புழுவும் கல்லும் இருந்தன. கூடக் கோதுமையும் கொடுத்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் குடிசைப் பெண்கள் கஞ்சி காய்ச்சி, குழந்தைகளுக்கு வயிறு போனது. வங்காளத்தில் ரோட்டோரத்தில் ஜனம் செத்து விழுகிறது என்று பேப்பரில் வந்தது. அகஸ்டின் அந்தப் பேப்பரை மடித்து ஆலிஸ் கண்ணில் படாமல் வைத்தார். தினமும் வேலை முடிந்ததும் பின்புறம் போய், யாரும் பார்க்காதபோது, செடியோரத்து மணலை விரலால் கிளறிக் கிழங்கு பருத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்.

அக்டோபரில் மழை பிடித்தது. நாலு நாள் விடவில்லை. கூவமும் அடையாறும் கரை புரண்டன. குடிசைகள் தண்ணீரில் போயின. கஸ்தூரிரங்கன் இன்னும் திரும்பியிருக்கவில்லை; அகஸ்டின் தோட்ட வீட்டைத் திறந்துவிட்டார். பதினோரு குடும்பங்கள் வந்து கூடத்திலும் தாழ்வாரத்திலும் ஒண்டிக்கொண்டன. கீரைப் பாத்திகள் அழுகின. முன்பக்கத்து நல்ல கிழங்கை எல்லாம் பிடுங்கி அவித்து முதல் இரண்டு நாள் ஓட்டியாகிவிட்டது. ரேஷன் கடைக்குள் தண்ணீர் புகுந்து கடை மூடிக் கிடந்தது.

ஐந்தாம் நாள் காலை மழை நின்றது. எங்கேயாவது அரிசி கிடைக்குமா என்று அகஸ்டினும் மண்ணாங்கட்டியும் முழங்கால் தண்ணீரில் லஸ் கடைத்தெரு வரை போனார்கள். ஒரு கடையும் திறக்கவில்லை. நண்பகலுக்கு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

கேட்டுக்கு வரும்போதே அகஸ்டினுக்கு வாசனை வந்தது. சுட்ட கிழங்கின் வாசனை. அவர் நின்றார். முன்பக்கத்துக் கிழங்கு தீர்ந்து மூன்று நாளாகிறது.

அவர் ஓடினார். ஓடிப் பழக்கமில்லாத ஆள். செருப்பு சேற்றில் மாட்டிக் கழன்றது. பின்புறம் மழை சரிவை அறுத்திருந்தது. மணல் சரிந்து, மூன்று பாத்தியிலும் கிழங்குகள் வெள்ளை வெளேரென்று வெளியே தெரிந்தன. கை தடிமன். பெண்கள் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டிருந்தார்கள். தென்னை ஓலையைக் கொளுத்தி நெருப்பு மூட்டியிருந்தார்கள். குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தன. சொர்ணம் குச்சியால் ஒரு கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா நைனா! கெய்ங்கு வெக்காத சாதின்னியே! எவ்ளோ பெர்சு பெர்சா வெச்சிக்கீது பாரு!"

அகஸ்டின் நெருப்புக்குள் காலை விட்டு உதைத்தார். கிழங்குகள் சிதறின. ஒரு குழந்தை வீறிட்டது. அவர் கீழே விழுந்து, சுடச்சுட அதையெல்லாம் கையால் பொறுக்கி ஆற்றுப் பக்கம் எறிந்தார்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! இது விஷம்!"

யாரும் நம்பவில்லை. அவர்கள் முகத்தில் அதைப் பார்த்தார். ஒரு கிழவர் எச்சில் துப்பினார். சொர்ணம் எழுந்து நின்றாள். அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

"வெசமா? வெசத்தை எதுக்கு நைனா மூணு பாத்தி போட்டு வளத்தே? பொத்திப் பொத்தி வெச்சிக்கினியே, இதுக்குத்தானா? புள்ளைங்க பசிக்கு ஒரு கெய்ங்கு துன்னா உன் சொத்து கொறஞ்சிடுமா?"

"சொர்ணம், சத்தியமா. மாதா மேல சத்தியமா சொல்றேன். யாராவது தின்னாங்களா? சொல்லு! யாராவது தின்னாங்களா?"

"இன்னும் வேவல. கன்னியம்மாதான் பசி தாங்காம பச்சையா கட்ச்சிக்கினு இருந்திச்சி..."

சொர்ணம் திரும்பிப் பார்த்தாள். அவள் மகள் கன்னியம்மா, ஏழு வயது, தென்னை மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் பாதி கடித்த கிழங்கு. "கசக்குதும்மா," என்றாள். எழுந்திருக்கப் பார்த்தாள். கால் பின்னியது. அப்படியே முன்னால் குனிந்து வாந்தி எடுத்தாள்.

கூடையில் இருந்ததை எல்லாம் பெண்கள் தாங்களாகவே கொட்டினார்கள். மண்ணாங்கட்டி குழந்தையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினான். பின்னால் சொர்ணம், அவள் பின்னால் அகஸ்டின். ராயப்பேட்டை ஆஸ்பத்திரி வரை இந்தத் தண்ணீரில் போகமுடியாது. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் அனந்தராமன் என்ற டாக்டர் இருந்தார். வழியெல்லாம் குழந்தையின் தலை தகப்பன் முதுகில் தொய்ந்து ஆடியது. மூச்சு நாய்க்கு இரைப்பது போல இரைத்தது. நடுவில் ஒரு தடவை அந்தச் சத்தம் நின்றது. அகஸ்டின் தெருவிலேயே நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி இரைத்தது. மறுபடி ஓடினார்.

டாக்டர் குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தார்.

"என்னத்தைத் தின்னா?"

"மரவள்ளி, டாக்டர். கசப்பு சாதி. பச்சையா," என்றார் அகஸ்டின்.

டாக்டர் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, நெஞ்சு வலிக்காரர்களுக்கு என்று வைத்திருந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்துத் துணிக்குள் வைத்து நொறுக்கி, ஆவி ஏறும்படி குழந்தையின் மூக்கில் பிடித்தார். பிடித்தபடியே பேசினார்.

"வயித்தைக் கழுவணும். வெறும் தண்ணி போறாது. விஷத்தை முறிக்க ஹைப்போ உப்பு வேணும், எங்கிட்ட இல்லை. போட்டோ கழுவறவா வெச்சிருப்பா. கச்சேரி ரோட்டுல குலாம் ரசூல் ஸ்டுடியோ இருக்கு. ஓடும். நின்னுண்டு இருக்காதேயும், ஓடும்!"

ஸ்டுடியோவின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அகஸ்டின் இரண்டு கையாலும் அறைந்தார். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மழையில் கடைகளை உடைக்கிறார்கள் என்று ஊரில் வதந்தி.

"கடை இல்லே, போ! போட்டா எல்லாம் இல்லே!"

"போட்டோ வேணாம் சாயபு! ஹைப்போ! ஒரு குழந்தை விஷத்தைத் தின்னுடுச்சு! டாக்டர் அனந்தராமன் அனுப்பினாரு!"

அப்போதும் கதவு திறக்கவில்லை. அகஸ்டின் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் விலகியது. குலாம் ரசூல் அவர் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் உள்ளே ஓடி, படிகம் படிகமாக வெள்ளை மருந்து நிறைந்த ஒரு பெரிய சீசாவை அப்படியே கொண்டுவந்து கையில் வைத்தார்.

"அல்லா இருக்கான். ஓடு, ஓடு!"

டாக்டர் ரப்பர் குழாயை விட்டுக் குழந்தையின் வயிற்றைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். சொர்ணம் மகளின் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஆண்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர் ஓடியது. ஒரு முறமும் ஒரு செத்த கோழியும் மிதந்து போயின. மண்ணாங்கட்டி அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"உனுக்குத் தெரியுமா சாரு? வெசம்னு?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"நட்ட அன்னிக்கிலேர்ந்து."

மண்ணாங்கட்டி திரும்பினான். அடிக்கப் போகிறான் என்று அகஸ்டின் நினைத்தார். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார்.

"ஏன் சொல்லல?"

"பயம். அங்க கிழங்கு இருக்குன்னு தெரிஞ்சா தோண்டிடுவீங்க, அப்புறம் கடைசிக்கு ஒண்ணுமே இருக்காதுன்னு பயம்."

"யாருக்குக் கடைசிக்கு?"

எல்லோருக்கும் என்றுதான் அகஸ்டின் இத்தனை நாளும் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்குக் கன்னியம்மாவின் மூச்சு சீராயிற்று. கண்ணைத் திறந்து, தொண்டை எரிகிறது என்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும் சொர்ணம் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு, தானும் அழுதாள். "ரெண்டு வாயோட நிறுத்திண்டா. இன்னும் கொஞ்சம் தின்னிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது," என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே.

அடுத்த சில நாளில் ஊரின் மேல் ஜப்பான் விமானம் ஒன்று பறந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது. எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அகஸ்டின் காதில் அது விழவே இல்லை. அவர் கண்ணை மூடினால் கன்னியம்மாவின் தலை முதுகில் ஆடியது. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஆலிஸிடம் கிழங்கைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். அவள், "சாமியார்கிட்ட சொல்லிட்டீங்க, என்கிட்ட சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை அவர் பதினோரு குடும்பங்களையும் தாழ்வாரத்தில் கூட்டிச் சொன்னார். எது நல்ல சாதி, எது கசப்பு சாதி, எப்படி அடையாளம் பார்ப்பது, விஷத்தை எப்படி எடுப்பது, தான் ஏன் மறைத்தார் என்பது. முடித்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடலாம் என்றார். ஆண்கள் பலர் அதுதான் சரி என்றார்கள். மண்ணாங்கட்டி எழுந்து போனான். அதற்குப் பிறகு பல மாதம் அவன் வண்டி அந்தத் தெருவுக்குள் வரவில்லை.

பேசியது சொர்ணம்தான்.

"எரிச்சிட்டு? நாளிக்கு இன்னாத்த துன்றது? ரேசன் கடையில புழுவா?" அவள் அகஸ்டினைப் பார்க்காமல், பெண்களைப் பார்த்துப் பேசினாள். "வெசம் போவும்னு சொல்றாரே, போவுதான்னு பாப்போம். மொதல்ல அவரு துன்னட்டும். நம்ம கண்ணு முன்னால."

வில்லியத்தை வரவழைத்தார்கள். அவர் சொல்லச் சொல்லப் பெண்கள் தோல் சீவினார்கள். காசுத் தடிமனுக்கு வில்லை போட்டார்கள். அண்டாவில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் தண்ணீரை மாடு வாய் வைக்காத இடத்தில் குழி தோண்டி ஊற்றினார்கள். மழை விட்ட வெயிலில் பாயில் பரப்பிச் சருகாகக் காய வைத்தார்கள். இடித்த மாவு சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. சொர்ணம் அதில் அடை தட்டி, ஓர் இலையில் வைத்து, அகஸ்டின் முன்னால் வைத்தாள்.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முழு அடையையும் தின்றார். பிறகு அங்கேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ஆலிஸ் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தலை சுற்றுகிறதா, மூச்சு முட்டுகிறதா என்று அவர் தன் உடம்பையே ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. சொர்ணம் அடுத்த அடையைத் தட்டித் தானே தின்றாள். பிள்ளைகளுக்கு மறுநாள்தான் கொடுத்தாள்.

அந்தப் பாத்திகள் 1944, 1945 இரண்டு வருஷமும் அந்தப் பதினோரு வீட்டுக்கும் கை கொடுத்தன. ரேஷன் அரிசி போதாத நாட்களில் மாவு இருந்தது. அகஸ்டின் கசப்புச் செடிகளைச் சுற்றிக் கறுப்பு வர்ணம் பூசிய கழிகளை நட்டார். படிக்கத் தெரியாத குழந்தைக்கும் புரியட்டும் என்று ஒவ்வொரு குழந்தையையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்தக் கழியைக் காட்டினார். கன்னியம்மாவைக் கூட்டிப்போக அவருக்குத் துணிவு வரவில்லை. அவளே வந்து, "எனக்குத் தெரியும் நைனா," என்றாள்.

மண்ணாங்கட்டி ஒரு நாள் தானாகவே குப்பை வண்டியைக் கொண்டுவந்து குழியோரம் நிறுத்தினான். பழைய பேச்சு, சிரிப்பு எதுவும் அவர்களுக்குள் திரும்பவில்லை. குப்பையைத் தள்ளிவிட்டு, "வர்றேன் சாரு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவான்.

1947இல் கஸ்தூரிரங்கன் தோட்டத்தை விற்றுவிட்டார். வாங்கியவர்கள் அங்கே வீடு கட்டப்போவதாகச் சொல்லி, காலி செய்ய மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். நல்ல சாதிக் கம்புகளை அகஸ்டின் துண்டு துண்டாக வெட்டிக் கட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்; அடையாற்றுக்கு அக்கரையிலிருந்துகூட வந்து வாங்கிப்போனார்கள். கசப்பு சாதியைக் குவித்து வைத்து நெருப்பு வைக்கப் போனார். சொர்ணம் வந்து அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினாள்.

"ஆத்தாங்கரையில பெருச்சாளி ஒண்ணையும் வுடறதில்ல. இது ஒண்ணுதான் நிக்கும். எனக்குக் குடு."

"வேணாம் சொர்ணம். புதுசா குடிவந்தவங்க இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாது."

"நா சொல்லித் தரேன். உன்ன மாதிரி வாய மூடிக்கினு இருப்பேனா?"

அவள் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அகஸ்டின் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருந்தார். சனிக்கிழமை தவறாமல், ஒரு பள்ளிக்கூடத்தில் கிடைத்திருந்த எழுத்தர் வேலை முடிந்ததும், குடையை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார். ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று, கிழங்கை எத்தனை நாள் ஊறவைத்தீர்கள், எத்தனை தண்ணீர் மாற்றினீர்கள் என்று கேட்பார். புதிதாக வந்தவர்கள் இவர் யாரென்று விழிப்பார்கள். முறத்தில் காயும் வில்லையை எடுத்து ஒடித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், கொஞ்சம் ஈரம் தெரிந்தால் முகம் வெளுத்துவிடும்.

சொர்ணம் வாசலிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"மூணு நாளு, மூணு தண்ணி, நல்ல வெயிலு! எங்களுக்குத் தெரியும் நைனா. நீ வூட்டுக்குப் போயி சோறு துன்னு, போ!"

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார்.